கழுத்தில் வாள் வைத்த சமாதானம்

எதிர்மன்னசிங்கன் பேசினான், நாடு பிழைத்தது. சங்கிலி எதிர்த்தான், நாடு அழிந்தது. தீவகத்தவர்களிடையே கைமாறி வாசிக்கப்பட்டுவரும் நீண்ட கட்டுரையொன்றின் சாரம் இவ்வளவுதான். படையெடுத்து வந்த அந்நியனோடு பேசுவதே அறம், அவனுக்கு எதிராக ஆயுதம் எடுப்பது அறமுமல்ல, புத்தியுமல்ல என்ற பொதுவிதியை நிறுவுவதற்குக் கட்டுரையாளர் போர்த்துக்கேயப் பறங்கியர் காலத்து யாழ்ப்பாண அரசைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். துணைச் சாட்சியாக வள்ளுவரையும் அழைத்திருக்கிறார். அழைத்த சாட்சிகளை அவர் முழுதாக வாசிக்கவில்லை என்பது முதற் குறை. வாசித்துவிட்டுத்தான் மறைத்தாரா என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், ஆளையே மாற்றிவிட்டார். 1544இல் மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொல்வித்த சங்கிலியும், 1619இல் பறங்கித் தளபதி பிலிப் டி ஒலிவேறாவிடம் பிடிபட்ட சங்கிலியும் அவருடைய கட்டுரையில் ஒரே ஆளாக நடமாடுகிறார்கள். இடையில் எழுபத்தைந்து வருடம் கிடக்கிறது. யாழ்ப்பாண வைபவமாலையில் இந்தக் குழப்பம் உண்டு. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்காக எழுதியபோது அவர் கையில் பழைய ஏடுகள் மட்டுமே இருந்தன, அவரை மன்னிக்கலாம். சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வைபவமாலையை விமர்சித்து நூலே எழுதிவிட்ட பிறகு, அதே குழப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருபவரை எதற்காக மன்னிக்க வேண்டும்? இது வெறும் ஆண்டுக் கணக்குப் பிழையாக இருந்தால் விட்டுவிடலாம். இந்தப் பிழை அவருக்கு வேலை செய்கிறது. முதற் சங்கிலியின் கொடுமையை இரண்டாம் சங்கிலியின் தலையில் கட்டிவிட்டால், எதிர்த்தவன் எல்லோரும் கொடுங்கோலர் என்று காட்டிவிடலாம். முதற் சங்கிலியின் எதிர்ப்பு எதைச் சாதித்தது என்ற சங்கடமான கேள்வியும் காணாமற் போய்விடும்.

அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன். 1543இல் கோவாவின் ஆளுநர் மார்ட்டின் அபொன்சோ டி சோசா கப்பற்படையோடு வந்தபோது முதற் சங்கிலி சண்டை பிடிக்கவில்லை. கப்பம் தருகிறேன் என்று பேசித்தான் அனுப்பினான். அந்தப் பேச்சு எத்தனை காலம் தாங்கியது? 1560இல் பதில்அரசர் கொன்ஸ்தந்தீனு டி பிறகன்சா அதைவிடப் பெரும் படையோடு வந்து நல்லூருக்குள் நுழைந்தார். சங்கிலி பின்வாங்கினான், மறுபடியும் பேசினான், இளவரசனைப் பிணையாகக் கொடுத்தான். பேச்சு முடிந்த பிறகுதான் நாடு எழுந்தது. ஊர் மக்கள் கிளர்ந்து அடித்ததில், முழு யாழ்ப்பாணத்தையும் விழுங்க வந்த படை மன்னாரோடு நின்றுகொண்டு அங்கே கோட்டை கட்டியது. இடையிடையே மன்னாரிலிருந்து வாரிசுச் சண்டைகளுக்குள் கையை நுழைத்தார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் படையெடுத்து வந்து நல்லூரைப் பிடிக்க அவர்களுக்கு அடுத்த முப்பத்தொரு வருடம் எடுத்தது. எதிர்மன்னசிங்கனின் அடங்கிப்போதல் வாங்கித் தந்ததாகக் கட்டுரையாளர் கொண்டாடும் காலம் எவ்வளவு? 1591இலிருந்து 1617 வரை, இருபத்தாறு வருடம். எதிர்ப்பு அழிவையே தரும், பணிவு காலத்தையாவது வாங்கித் தரும் என்று வாதாடுபவர் இந்தக் கழித்தற் கணக்கைச் செய்து பார்க்கவே இல்லையா?

இனி 1591க்கு வருவோம். கட்டுரையாளரின் கோபுரம் முழுவதும் அந்த ஓர் ஆண்டின்மேல்தான் நிற்கிறது. எதிர்மன்னசிங்கன் 'பேச்சுவார்த்தையால் அரசைக் காப்பாற்றிய ராஜதந்திரி' என்கிறார். நடந்தது என்ன? அந்திரே பூர்த்தாடோ டி மென்டோன்சாவின் பறங்கிப் படை நல்லூரில் அரசனைக் கொன்றது. காயம்பட்டுக் கிடந்த எதிர்மன்னசிங்கனின் தலையை வெட்டப் போனார்கள். சீமாவ் பிஞ்ஞாவ் என்ற பறங்கித் தளபதி இடையில் புகுந்து தடுத்தான். வெட்ட ஓங்கிய வாள் இறங்காமல் நின்றுபோன அந்த நொடியில்தான் அவனுடைய ஆட்சி தொடங்கியது. பிறகு நல்லூரில் கூட்டம் கூட்டி, முதலிமாரைப் போர்த்துக்கல் அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வைத்து, அவனை அரியணையில் ஏற்றினார்கள். இதிலே பேசியவர் யார், பேசப்பட்ட பொருள் என்ன? கழுத்தில் வாளை வைத்தவன் ஒருவன், கழுத்தைக் கொடுத்தவன் இன்னொருவன். இதற்குப் பெயர் பேச்சுவார்த்தை என்றால், வழிப்பறிகாரனிடம் மடியை அவிழ்த்துக் கொடுப்பவனும் வியாபாரிதான்.

எதிர்மன்னசிங்கனை நான் பழிக்கவில்லை. உயிர் தப்பியவன் அவன்; தப்பிய பிறகு தன்னால் முடிந்ததைச் செய்தான். அவனுடைய புகழுக்கு உண்மையில் காரணமானதைக் கட்டுரையாளர் தாமே ஒரு பத்தியில் எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் மறந்துவிடுகிறார். பறங்கிகளுக்குக் கப்பம் கட்டிக்கொண்டே அவன் கண்டி அரசோடு மறைவில் உறவு வைத்திருந்தான். தென்னிந்தியாவுக்கும் கண்டிக்கும் இடையிலான போக்குவரத்துக்குத் தன் நாட்டை வழியாக விட்டான். பாதிரிமாருக்கு இடம் கொடுப்பதில் முடிந்தமட்டும் இழுத்தடித்தான். இதனால்தான் பறங்கிகள் அவனை ஒருநாளும் நம்பவில்லை. அப்படியானால் கட்டுரையாளர் எதைப் பாராட்டுகிறார்? அவன் பணிந்ததையா, பணிந்ததுபோல் காட்டிக்கொண்டு எதிர்த்ததையா? முதலாவது என்றால், அந்நியனுக்கு ஒளித்துச் செய்ததெல்லாம் அவருடைய கோட்பாட்டின்படி ஒப்பந்த மீறல். இரண்டாவது என்றால், அவர் இவ்வளவு நேரமும் மெச்சியது ஓர் எதிர்ப்பாளனை. இரண்டையும் ஒரே மூச்சில் பாராட்டுவதற்கு, ஒன்று அசாத்திய மறதி வேண்டும், அல்லது வாசகனுக்கு மறதி அதிகம் என்ற அசாத்திய நம்பிக்கை வேண்டும்.

இரண்டாம் சங்கிலியான சங்கிலி குமாரன் விடயத்தில் முரண்பாடு இன்னும் பச்சையாகத் தெரிகிறது. 1617இல் எதிர்மன்னசிங்கன் இறந்தபோது வாரிசு சிறு பிள்ளை. பிள்ளைக்காக ஆளவிருந்த அரசகேசரி, இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய புலவன். அவனைச் சங்கிலி கொன்றான், அரச குடும்பத்துப் பிறரையும் கொன்றான். கொன்றுவிட்டு என்ன செய்தான்? வாளை உயர்த்திக்கொண்டு கொழும்புக்கு எதிராகப் புறப்பட்டானா? இல்லை. தன்னை ஆள விடும்படி பறங்கிகளிடம் விண்ணப்பம் வைத்தான். அவர்களும் நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார்கள். கட்டுரையாளர் எதிர்ப்பின் அடையாளமாகக் கூண்டில் நிறுத்தியிருக்கும் ஆள், அரியணையில் உட்கார்ந்ததே அந்நியனோடு பேசித்தான்! சொந்த இரத்தத்தை வெட்டியவனைப் பறங்கி ஏன் ஏற்றுக்கொண்டான் என்று ஒரு வரி கேட்டிருந்தால் கட்டுரை வேறு திசையில் போயிருக்கும். அறம் பார்த்து ஒப்பந்தம் செய்யும் பழக்கம் படையெடுத்தவனுக்கு இல்லை. கப்பம் வருமா, எதிரிக்கு இடம் கொடுக்காமல் இருப்பானா என்பதே அவனுடைய உரைகல். 1618இல் கிறிஸ்தவ முதலிமார் எழுந்ததும், சங்கிலி தஞ்சாவூர் நாயக்கரிடம் படை கேட்டதும், அதையே சாட்டாக வைத்து 1619இல் ஒலிவேறா இறங்கியதும் அதற்குப் பிந்திய கதை. சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அது எதிர்ப்பின் கூலி என்கிறார் கட்டுரையாளர். சரி, பணிவின் கூலி என்ன? எதிர்மன்னசிங்கனின் பிள்ளைக்குப் பறங்கிகள் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்; அவன் பிரான்சிஸ்கன் துறவியாகி முடிந்தான். இருபத்தாறு வருடம் கப்பம் கட்டியவனின் வம்சத்துக்கு அவர்கள் திருப்பிக் கொடுத்தது ஓர் அங்கி. இந்தப் பிள்ளையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை.

வள்ளுவர் சாட்சியத்தை நீண்ட நேரம் விசாரிக்கத் தேவையில்லை. வலியறிதல் அதிகாரத்தைக் காட்டி, தன் பலம் அறியாமல் மோதுவது மடமை என்கிறார். உண்மைதான். அது நாற்பத்தெட்டாம் அதிகாரம். நாற்பத்தொன்பதாவது காலமறிதல், ஐம்பதாவது இடனறிதல். இடமறிந்து நின்று தாக்கினால் வலுவில்லாதவரும் வலுவுள்ளவரை வெல்வர் என்று அங்கே சொல்லியிருக்கிறது. இவர் நாற்பத்தெட்டோடு புத்தகத்தை மூடிவிட்டார். அரசியலைப் பற்றி அடுத்தடுத்து வைத்த மூன்று அதிகாரங்களில் ஒன்றை மட்டும் கிழித்தெடுத்து, 'பணிந்து போ' என்பதற்கு வள்ளுவர் கையெழுத்துப் போட்டதாகக் காட்டுவது வாதமாகுமா?

சங்க இலக்கியத்தில் இவருக்கு உண்மையில் தேவையான சாட்சி ஒருவர் இருக்கிறார், அவரை அழைக்கப் பயந்துவிட்டார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை. போரைத் தவிர்க்கத்தான் போனாள். தொண்டைமான் நெய் பூசி அடுக்கி வைத்திருந்த படைக்கலங்களைக் காட்டினான். அவள் கெஞ்சவில்லை, தன் தலைவனின் வேல்கள் போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற செய்தியைச் சொன்னாள். தமிழில் தூது என்ற கலைக்கு இலக்கணம் வகுத்த இடம் அதுதான். பேசுபவருக்குப் பின்னால் மறுக்கும் வலிமை இருந்தால்தான் பேச்சுக்கு எடை. 'பேச்சா, ஆயுதமா' என்று இரண்டு பெட்டி செய்து மனிதர்களை அவற்றுக்குள் பிரித்துப் போடும் இவருடைய வேலை, ஔவைக்கு எந்தப் பெட்டியைக் கொடுக்கும்?

எடை இல்லாத பேச்சுக்கும் ஏமாற்றப்பட்ட பேச்சுக்கும் உதாரணம் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 1638இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் பறங்கியை விரட்ட ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். பிடிபடும் கோட்டைகளில் அரசன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் படை வைப்பது என்ற நிபந்தனை அரசனிடம் இருந்த பிரதியில் இருந்தது, ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்வது அதைத்தான். 1815 மார்ச் 2இல் கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து நாட்டைக் கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது, அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல கிளர்ச்சிக்காரரோடு போய்ச் சேர்ந்தான். உடன்படிக்கைக்குப் பாடுபட்ட எகலப்பொல மொரீசியசில் நாடுகடத்தப்பட்டவனாகச் செத்தான். பேசியவர்கள் தப்பினார்கள் என்ற விதி எந்த நாட்டில் செல்லுபடியாகிறது?

பேச்சில் இரத்தம் இல்லை என்பது கட்டுரையாளர் மிகவும் பெருமைப்படும் வாதம். இதற்குப் பதிலாக ஒரு காட்சியை மட்டும் அவர் முன் வைக்கிறேன். 1621. போர் முடிந்துவிட்டது. சங்கிலி இல்லை, நாடு பறங்கியின் கையில். ஒலிவேறா நல்லூரில் கந்தசுவாமி கோயிலின் முன் நிற்கிறான். ஊர் மக்கள் திரும்பத் திரும்ப வந்து மன்றாடினார்கள். கோயிலை மட்டும் விட்டுவிடுங்கள், பணம் தருகிறோம், வீடுகள் கட்டித் தருகிறோம் என்று கேட்டார்கள். இதை எழுதி வைத்தவர் நம்மவர் அல்ல, பறங்கிகளின் வரலாற்றை எழுதிய குவேறோஸ் பாதிரியார். அவர் சொல்லும் அடுத்த செய்திதான் முக்கியம்: மக்கள் மன்றாட மன்றாட, அதை இடிக்க வேண்டும் என்ற ஒலிவேறாவின் ஆவலே கூடியது. பாதிரியார் இதை ஒலிவேறாவின் பக்திக்குச் சான்றாக எழுதுகிறார். கோயில் தரைமட்டமானது, கற்கள் கோட்டை கட்டப் போயின. இது தனி நிகழ்ச்சியும் அல்ல. 1560இல் யாழ்ப்பாணத்தில் கைப்பற்றியதாகச் சொல்லப்பட்ட, புத்தரின் தந்ததாது என்று நம்பப்பட்ட பல்லுக்குப் பெகு அரசன் பெருந்தொகை தர முன்வந்தான். கோவாவின் பேராயர் அதை உரலில் இட்டுத் தூளாக்கினார். எதிரே நிற்பவனுக்கு வேண்டியது பணமாக இருந்தால் பேரம் பேசலாம். அவனுக்கு வேண்டியது நீ நீயாக இல்லாமற்போவதாக இருந்தால் எதை விற்று எதை வாங்குவாய்? எல்லா ஆக்கிரமிப்பாளனும் ஒரே சரக்குக்காக வருகிறான் என்று நினைப்பதுதான் கட்டுரையாளரின் அடிப்படைப் பிழை; அவன் எதற்கு வந்தான் என்று அறியாதவன் பேசுவதா அடிபடுவதா என்று தீர்மானிக்கவே முடியாது.

சண்டை இல்லாத சமாதானத்தில் சாதாரண மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கும் யாழ்ப்பாணம் ஒரு வரலாற்றைக் காத்து வைத்திருக்கிறது. பறங்கி அதிகாரியின் சமையலுக்கு வீட்டுக்கொரு பசு முறைவைத்துக் கொடுக்க வேண்டும் என்ற கட்டளை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாழ்ந்த இன்னொரு ஞானப்பிரகாசரின் முறை வந்தபோது அவர் பசுவைக் கொடுக்க மனமில்லாமல் இரவோடிரவாகக் கடல் கடந்து, சிதம்பரத்தில் துறவியாக வாழ்ந்து, தன் பெயரால் ஒரு குளமும் விட்டுப்போனார். அவர் ஆயுதம் எடுக்கவில்லை, பேசவும் இல்லை. ஏன் பேசவில்லை? பேச இடமிருக்கவில்லை. யார் ஆண்டாலும் மக்களுக்கு வேண்டியது நிம்மதிதானே என்று எழுதும்போது, அந்த நிம்மதிக்குள் கட்டப்பட்டிருந்த பசு கட்டுரையாளரின் கண்ணில் படவில்லை.

இப்போது அவருடைய உள்நோக்கத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அவர் 1619ஐ எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு 2009ஐத்தான் எழுதியிருக்கிறார். முள்ளிவாய்க்காலின் பேரழிவைக் கண்ட பிறகு, ஆயுதம் எடுத்ததே தவறு, பேசியிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அந்த முடிவை நேராகச் சொல்லத் துணிவில்லாமல் நானூறு வருடத்துக்கு முந்திய பிணங்களைத் தோண்டியிருக்கிறார். நேராகச் சொல்லட்டும், நேராகப் பதில் தருகிறேன். பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் 1957 ஜூலையில் எழுதப்பட்டது. 1958 ஏப்ரலில் பிக்குமார் பண்டாரநாயக்கவின் வீட்டு வாசலில் வந்து அமர்ந்ததும் கிழிக்கப்பட்டது. அன்றைக்கு எந்தத் தமிழன் கையில் துவக்கு இருந்தது? 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களை அகற்ற அவசரகாலச் சட்டமும் ஆமியும் வந்தன. அவர்கள் கையில் என்ன இருந்தது? 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில், கடற்படையினர் ஏறிப் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் வெட்டினார்கள். அந்தப் படகில் இருந்தவர்கள் எதிர்த்துத்தான் செத்தார்களா? 1987 ஜூலை 29 உடன்படிக்கையைச் செய்தவை டில்லியும் கொழும்பும். யாருடைய வாழ்வைப் பற்றியதோ அவர்களின் கையெழுத்து அதில் இல்லை. அமைதிப்படை என்ற பெயரில் வந்து இறங்கியவர்கள் அதே வருடம் ஒக்ரோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் டாக்குத்தர்மாரையும் தாதிமாரையும் நோயாளிகளையும் சுட்டார்கள்.

ஆகவே ஆயுதம் எடுத்தவர்கள் செய்ததெல்லாம் சரியா என்று அவர் என்னை மடக்கப் பார்ப்பார். இல்லை. அரசகேசரியைக் கொன்ற சங்கிலிக்கு நான் சொல்வதைத்தான் இவர்களுக்கும் சொல்வேன். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களைக் கையில் அகப்பட்டதோடு துரத்தியது எந்த ஆக்கிரமிப்பாளனுக்கு எதிரான எதிர்ப்பு? மாற்று இயக்கத்துப் பிள்ளைகளைத் தெருவில் போட்டுக் கொன்றது எந்த மண்ணை மீட்டது? தன் மக்களின் வாயை மூடும் ஆயுதம், அந்நியனைச் சுடும்போதும் எதிர்ப்பின் அறத்தை இழந்துவிடுகிறது. இந்தக் குற்றத்தைக் கட்டுரையாளர் சொல்லியிருந்தால் அவரோடு சேர்ந்து நானும் எழுதியிருப்பேன். அவர் சொல்லவில்லை. அவருடைய முறைப்பாடு தோற்றதைப் பற்றியது மட்டுமே. வென்றிருந்தால் இதே ஆள் விழா மேடையில் முதல் வரிசையில் இருந்திருப்பார் என்பதற்கு அவருடைய கட்டுரையின் தர்க்கமே சாட்சி. வெற்றி தோல்வியை வைத்து அறத்தை அளப்பவன் ஒழுக்கவியல் எழுதவில்லை, பந்தயம் கட்டுகிறான்.

பேசுவதற்கும் அடிபடுவதற்கும் அறத்தின் கேள்விகள் ஒன்றுதான். யார் பெயரில் செய்கிறாய், அவர்களிடம் கேட்டாயா, செலவழிப்பது யாருடைய உயிர், வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அவர்களுக்கு விட்டுவைத்தாயா? 1591இல் நல்லூரில் பிரமாணம் செய்த முதலிமாரையும், 1617இல் வாளைத் துடைத்துவிட்டு விண்ணப்பம் எழுதிய சங்கிலியையும், 1987இல் மேசையில் குந்தியிருந்தவர்களையும், துவக்கு வைத்திருந்தவர்களையும் இந்தக் கேள்விகள் ஒரே வரிசையில் நிறுத்தும். கட்டுரையாளரின் கோட்பாடு அவர்களில் பாதிப்பேரைத் தப்ப விடுகிறது, அதுவும் எப்போதும் மேசைப் பக்கம் இருந்த பாதியை. ஆண்டவன் மாறினாலும் உத்தியோகம் மாறாத வர்க்கம் ஒன்று யாழ்ப்பாணத்தில் எப்போதும் இருந்திருக்கிறது. பறங்கிக்கும் ஒல்லாந்தனுக்கும் ஆங்கிலேயனுக்கும் அது கணக்கு எழுதியது. அந்த வர்க்கத்தின் சௌகரியத்தை முழுச் சமூகத்தின் விவேகம் என்று எழுதும் வழக்கத்துக்குக் கட்டுரையாளர் இன்னொரு பிரதி சேர்த்திருக்கிறார்.

1658இல் ஒல்லாந்தர் ஊர்காவற்றுறைக் கடலில் நிற்கும் அம்மன்னீல் கோட்டையைப் பீரங்கியால் அடித்தபோது தண்ணீர்த் தொட்டி உடைந்து, தாகம் தாங்காமல் பறங்கி சரணடைந்தான். சில வாரங்களில் யாழ்ப்பாணக் கோட்டையும் கைமாறியது. வெள்ளையரும் வெள்ளையரும் பேசி முடித்தார்கள். தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். புங்குடுதீவு அவர்களுடைய வரைபடத்தில் மிடில்பேர்க் ஆனது. வாணர் தாம்போதியைத் தாண்டி மடத்துவெளிக்குள் நுழைபவர் இன்று காண்பது 1990களில் விட்டோடிய வீடுகளின் கூரையற்ற சுவர்களையும், உள்ளே முளைத்து நிற்கும் மரங்களையும்தான். அந்த வீட்டுக்காரரில் பேசியவர்களும் உண்டு, போராடியவர்களும் உண்டு, இரண்டும் செய்யாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களே அதிகம். அவர்களில் எவரிடமும் எந்தக் காலத்திலும் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

கட்டுரையாளர் மறுமொழி எழுதுவார் என்று அறிகிறேன். எழுதட்டும். 1543, 1560, 1591, 1617: 1591ஐயும் பேச்சு என்றே வைத்துக்கொண்டால், யாழ்ப்பாணம் பறங்கியோடு நான்கு தடவை பேசியது. இந்த நான்கில் எந்தப் பேச்சைப் பறங்கி காப்பாற்றினான் என்பதை முதலில் சொல்லிவிட்டு மிச்சத்தை எழுதட்டும்.